தூரத்தில் நின்று பார்ப்போம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மனிதனுக்கு வாய்த்த ஆசைகளுள் காணாததைக் காணும் ஆசை பெரியது. அந்த ஆசையே அவனை மலை ஏற்றியது. கடல் கடக்க வைத்தது. இன்று அதே ஆசை வசதி படைத்தவர்களை உல்லாசக் கப்பலில் ஏற்றி, வடதுருவத்தை அடுத்துள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே அவர்கள் காணத் துடிப்பது பனிக்கரடியை. காட்டு விலங்கைக் காண்பதில் தவறு உண்டா? உண்டென்றால் அது எங்கே தொடங்குகிறது? இதுவே என் கேள்வி.

நார்வே நாட்டுக்குச் சொந்தமான இத்தீவுகளை விலங்கியல் மாணவர்கள் மறக்கக் கூடாது. 1773ஆம் ஆண்டு அக்கடலில் பயணம் செய்த ஃபிப்ஸ் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரிதான், மறு ஆண்டு வெளியிட்ட தம் நூலில் பனிக்கரடியைத் தனி இனமாக முதன்முதலில் விவரித்தார். 'உர்சஸ் மாரிட்டிமஸ்' என்று அவர் இட்ட பெயருக்குக் 'கடற்கரடி' என்று பொருள். பொருத்தமான பெயரே! பனிக்கட்டி மூடிய கடல்தான் அதன் வயல். சீல் என்னும் கடல்விலங்கு மூச்சுவிட வரும் துளையருகே மணிக்கணக்கில் அசையாமல் காத்திருந்து பிடிக்கும். சீல் குட்டிகள் மிகுந்த இளவேனிலில் உண்டு சேர்த்த கொழுப்பைக் கொண்டே, பனி உருகிய கோடையைப் பெரும்பாலும் கழிக்கும். கப்பல்கள் மிகுதியாக வருவதும் அந்தக் கோடையில்தான். குதிரில் மிஞ்சிய நெல்லை அளந்து அளந்து உண்ணும் வீட்டுக்கு விருந்தாளிகள் கூட்டமாக வந்து நிற்பது போன்றது இது. மிரண்டு ஓடும் கரடி வைக்கும் ஒவ்வோர் அடியும் அந்தச் சேமிப்பிலிருந்து ஆகும் செலவு.

முற்காலத்தில் இத்தீவுகளுக்குக் கரடி தேடி வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். இரையை இழுத்தவுடன் தானே வெடிக்கும் துப்பாக்கிப் பெட்டிகளைக்கூட வேட்டைக்காரர்கள் அமைத்தார்கள். 1973இல் நார்வே இவ்வேட்டையைத் தடை செய்தது. அதே ஆண்டு ஆஸ்லோ நகரில் ஐந்து நாடுகள் பனிக்கரடியைக் காக்க ஒப்பந்தம் செய்தன. பனிப்போரில் எதிரெதிரே நின்ற அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பனிக்கரடிக்காக ஒரே தாளில் கையெழுத்திட்டன! துப்பாக்கி போயிற்று, காமிரா வந்தது.

ஆனால் காமிராவின் பின்னாலும் துப்பாக்கி நிற்கத்தான் செய்கிறது. 2018 ஜூலையில் தீவுக்கூட்டத்தின் வடகோடியில், ஓர் உல்லாசக் கப்பலிலிருந்து கரையிறங்கிய காவலர் ஒருவரைக் கரடி தாக்கியது. அவர் தலையில் காயமுற்றார். உடனிருந்தவர்கள் கரடியைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் காவலர்களை நான் குறை கூற மாட்டேன். பிழைப்புக்காக அங்கே நின்றவர்கள் அவர்கள். மனித உயிர் பெரிது. ஆனால் அவர்களை அந்தக் கரையில் இறக்கியது எது? பார்க்க வந்தவர்களின் ஆசையல்லவா?

2025 ஜனவரி 1 முதல் நார்வே புதிய விதிகளைக் கொண்டுவந்துள்ளது. பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை, அதாவது அது வயிறார உண்ணும் பருவத்தில், 500 மீட்டர். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் செல்லக் கூடாது.

"இவ்வளவு தூரத்தில் கரடி ஒரு புள்ளியாகத்தானே தெரியும்? அருகில் கண்டால்தான் அன்பு பிறக்கும், அன்பு பிறந்தால்தான் காக்கத் தோன்றும்" என்று சிலர் வாதிடலாம். இதில் ஓரளவு உண்மை உண்டு. அலாஸ்காவின் மெக்நீல் ஆற்றில் சால்மன் மீனுக்காகப் பழுப்புக் கரடிகள் கூடுகின்றன. ஒரே நேரத்தில் 70க்கும் மேற்பட்டவை எண்ணப்பட்டதுண்டு. அங்கே மனிதர் மிக அருகில் நின்று பார்க்கிறார்கள். ஆனால் எப்படி? நாளொன்றுக்குப் பத்துப் பேர் மட்டும். அதுவும் குலுக்கலில் தேர்ந்தவர்கள். வழிகாட்டியுடன், குறித்த இடத்தில் நிற்க வேண்டும். பணத்தைக் கொட்டினாலும் பதினோராவது ஆளாக நுழைய முடியாது. ஆகவே அருகில் பார்ப்பதானால் சிலராகப் பார்க்க வேண்டும். பலராகப் பார்ப்பதானால் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். அருகிலும் வேண்டும், ஆயிரம் பேரும் வேண்டும் என்பது அன்பாகாது, வியாபாரம்.

"எட்டாத பழம் புளிக்கும் என்கிறாயா?" என்று நண்பர்கள் கேலி செய்யலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கப்பலின் கட்டணம் எங்கள் வீட்டின் பல ஆண்டு வருமானம். ஆயினும் மறைக்காமல் சொல்கிறேன்: யாரேனும் சீட்டுக் கொடுத்தால் நானும் ஏறிவிடுவேன். விடுமுறையில் இதையெல்லாம் அம்மாவிடம் விவரித்தேன். பள்ளிக்கூடம் அறியாத அவர் கேட்டது ஒன்றுதான்: "அது இருக்கிற இடத்துக்கு நாமதானே போறோம்? அதுகிட்ட யாராச்சும் கேட்டாங்களாப்பா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 300 மீட்டர் என்பது அதற்கு நார்வே அளித்திருக்கும் ஒரு பதில்; முழுமையான பதிலன்று. பூமி சூடேறிக் கடற்பனி கரைவதே பனிக்கரடிக்குப் பேராபத்து. அதைக் காணச் செல்லும் கப்பலின் புகையும் அந்தச் சூட்டில் சேர்கிறது. ஆயினும் கரைந்த பனியை ஒரு நாளில் உறையவைக்க முடியாது. கப்பலைத் தள்ளி நிறுத்த இன்றே முடியும்.

நண்பர்களே! ஆசிரியர்கள் நமக்கு விலங்குகளின் எலும்பையும் தசையையும் கற்பிக்கிறார்கள். எங்கே நின்று பார்ப்பது என்பதையும் நாம் கற்க வேண்டும். கரடி நம்மைத் திரும்பிப் பார்க்காமல் தன் வழியே நடந்து செல்ல வேண்டும்; அதுவே நாம் சரியான இடத்தில் நிற்கிறோம் என்பதற்கு அடையாளம்.