கவிஞர் ஏர் பிடித்த ஊர்

பட்டணத்தில் படித்த வாலிபர்கள் சிலர் ஒன்று சேர்கிறார்கள். கிராமத்தில் கொஞ்சம் நிலம் வாங்குகிறார்கள். பகலில் பயிர் வேலை. மாலையில் பாட்டு, கூத்து, சித்திரம். சமையலும் பொது, வரவு செலவும் பொது. இப்படிப்பட்ட கூட்டு வாழ்க்கை முயற்சிகளைப் பற்றி இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறோம்.

"பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு" என்று சிலர் சிரிக்கிறார்கள். "வயிற்றுக்கு வழி இல்லாத இடத்தில் பாட்டு எதற்கு?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் புதிய கேள்வி அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே வங்காளத்தில் ஒருவர் இதற்கு விடை தேடினார். ஏட்டில் தேடவில்லை. வயலில் இறங்கித் தேடினார். அவர்தான் மகாகவி ரவீந்திரநாத் தாகூர்.

ஜமீன் வீட்டுப் பிள்ளை

தாகூர் என்றதும் நீண்ட தாடி நினைவுக்கு வரும். நோபல் பரிசு நினைவுக்கு வரும். ஏரும் எருவும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அவர் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். குடும்ப நிலங்களைக் கவனிப்பதற்காகக் கிழக்கு வங்காளத்துக்குப் போனார். படகில் ஊர் ஊராகச் சென்றார். குடியானவர்களின் கடனையும் காய்ச்சலையும் கண்ணால் பார்த்தார்.

1906-ல் தம் மகன் ரதீந்திரநாத்தை அமெரிக்காவுக்கு அனுப்பினார். பாரிஸ்டர் படிப்புக்கு அல்ல, விவசாயம் படிக்க! பதிசர் என்ற ஊரில் குடியானவர்களுக்காக ஒரு வங்கி தொடங்கினார். 1913-ல் நோபல் பரிசு வந்தது. அந்தப் பணத்தையும் அந்த வங்கியிலேயே போட்டார். அது குடியானவர்களுக்குக் கடனாகப் போயிற்று. பெரும்பகுதி திரும்பி வரவே இல்லை. பதிசர் இன்று வங்க தேசத்தில் இருக்கிறது.

பணம் போன பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. சாந்திநிகேதனில் அவர் நடத்திய பள்ளிக்குப் பக்கத்தில் சுருல் என்று ஒரு கிராமம். அங்கே 1912-லேயே ஒரு பழைய பங்களாவை வாங்கியிருந்தார். 1922 பிப்ரவரி 6 அன்று அங்கே ஒரு கிராமப் பணி நிலையம் தொடங்கியது. அதுதான் பிறகு ஸ்ரீநிகேதன் என்று பெயர் பெற்றது.

வாளி தூக்கிய வெள்ளைக்காரர்

நிலையத்தை நடத்த வந்தவர் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட். இங்கிலாந்துக்காரர். அப்போது 30 வயதுகூட ஆகவில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர்.

அவர் நடத்திய முதல் பாடம் பயிரைப் பற்றியதா? இல்லை. கக்கூஸைப் பற்றியது! நிலையத்துக்குத் தோட்டி கிடையாது. வாளியை எடுத்துக் கொண்டு போய்க் குழியில் கொட்டி, மண் போட்டு மூட வேண்டும். அதுவே பிறகு காய்கறிப் பாத்திக்கு எருவாகும். மாணவர்களில் பலர் அந்த வேலையைத் தொட்டே அறியாத வீட்டுப் பிள்ளைகள். துரையே வாளியைத் தூக்கினார். மற்றவர்களும் கை வைத்தார்கள்.

பாட்டையும் சித்திரத்தையும் பற்றிப் பேச வந்த நாம் வாளியைப் பற்றிப் பேசுகிறோமே என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அந்த வாளியில்தான் விஷயம் இருக்கிறது. கூட்டு வாழ்க்கை என்று சொல்லி, அசுத்தமான வேலையை மட்டும் வேறொருவர் தலையில் கட்டினால் அது கூட்டு வாழ்க்கை ஆகுமா?

அங்கே தமக்கு மூன்று எதிரிகள் என்று எல்ம்ஹர்ஸ்ட் சொல்லி வந்தார். குரங்கு ஒன்று. மலேரியா இரண்டு. ஒருவரை ஒருவர் நம்பாமை மூன்று. ஆங்கிலத்தில் இம்மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கும். குரங்கை விரட்டலாம். காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கலாம். நம்பாமைக்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறது?

ஒரு வெள்ளைக்காரரும் படித்த பிள்ளைகள் சிலரும் திடீரென்று வந்து "உங்களுக்கு உதவுகிறோம்" என்றால் எந்த ஊர்தான் உடனே நம்பும்? அந்தச் சுவரை உடைத்ததில் காளிமோகன் கோஷ் என்ற வங்காளிக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் கிராமம் கிராமமாகப் போனார். ஊரின் நிலைமையைக் கேட்டுக் குறித்தார். ஊர்ச் சிறுவர்களைச் சேர்த்துத் தொண்டர் படை அமைத்தார்கள். ஊர்க்காரர்களே பணம் போட்டு டாக்டர் வைத்துக் கொள்ளும் கூட்டுறவு வைத்திய சங்கங்களும் பின்னர் எழுந்தன.

பாட்டு எதற்கு?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். முன்பு கிராமத்தில் திருவிழா இருந்தது, கூத்து இருந்தது, கதை சொல்பவர் இருந்தார். பணம் உள்ளவர்களும் படித்தவர்களும் பட்டணத்துக்குக் குடி போனார்கள். அவர்களோடு காசும் போயிற்று, களிப்பும் போயிற்று. கிராமத்தில் மிஞ்சியது உழைப்பு மட்டும். உழைப்பு மட்டும் உள்ள ஊரில் யார் தங்குவார்கள்? அரை வயிறு நிறைந்தவுடன் பிள்ளைகள் ரயில் ஏறி விடுகிறார்கள். ஆகவே பசியையும் சலிப்பையும் சேர்த்தே தீர்க்க வேண்டும் என்பது தாகூரின் எண்ணம். அது சரி என்பதே நம் அபிப்பிராயம்.

ஸ்ரீநிகேதனில் நெசவும் தோல் வேலையும் அரக்கு வேலையும் மண்பாண்டமும் கற்றுக் கொடுத்தார்கள். தாகூரின் மருமகள் பிரதிமா தேவி பாத்திக் துணிச் சாயத்தை அங்கே பரப்பினார். சித்திரம் போட்ட சாந்திநிகேதன் தோல் பைகளைப் பார்த்திருப்பீர்கள். கலை அங்கே கூடத்தில் மாட்டும் படமாக மட்டும் இல்லை. வயலில் வேலை இல்லாத மாதங்களில் சோறு போடும் தொழிலாகவும் இருந்தது.

1928-ல் ஏர் உழும் விழாவைத் தாகூர் தொடங்கினார். நம் வாசல் கோலத்தைப் போன்ற ஆல்பனாவைத் தரையில் வரைந்தார்கள். மாடுகளை அலங்கரித்தார்கள். கவிஞரே ஏர் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 67. புகழ் பெற்ற ஓவியர் நந்தலால் போஸ் அந்தக் காட்சியை ஸ்ரீநிகேதன் சுவரில் தீட்டினார். விழா ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நடக்கிறது.

குறையும் உண்டு

எல்லாம் வெற்றி என்று சொன்னால் அது பொய். பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி டாரதி ஸ்டிரெயிட் என்ற அமெரிக்கச் சீமாட்டி கொடுத்தது. எல்ம்ஹர்ஸ்டும் 1924-ல் பொறுப்பை விட்டுப் புறப்பட்டார். பிறகு டாரதியை மணந்து, இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் என்ற இடத்தில் பண்ணையும் பள்ளியும் கலைக்கூடமும் சேர்த்து நடத்தினார். சுருலில் கற்ற பாடம் கடல் கடந்து போனது! அந்தப் பள்ளியும் 1987-ல் மூடப்பட்டது.

ஸ்ரீநிகேதன் மூடப்படவில்லை. 1951-ல் விசுவபாரதி மத்திய சர்க்காரின் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஸ்ரீநிகேதனும் அதன் அங்கம். சம்பளம் ஒழுங்காக வரும். ஆனால் சுற்றியுள்ள ஊர்க்காரர் அங்கே சொந்தக்காரரா, விருந்தாளியா? உதவி வாங்கிப் பழகிய ஊர், நிர்வாகத்தில் உட்கார்ந்து பழகவில்லை. இதுதான் பெரிய குறை.

இன்று கூட்டுப் பண்ணை நடத்தும் வாலிபர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. அவர்களிடம் சில கேள்விகள் கேட்கலாம். நிலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? கணக்கு நோட்டை ஊர்க்காரர் புரட்டிப் பார்க்க முடியுமா? மேடையில் ஆடுவது பட்டணத்துப் பிள்ளைகள் மட்டுமா, பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் உண்டா? வாளியை யார் தூக்குகிறார்கள்?

கல்கத்தாப் பக்கம் போகிறவர்கள் ஹவுராவில் ரயில் ஏறிப் போல்பூரில் இறங்கலாம். சாந்திநிகேதன் 2023-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பலர் அப்படியே திரும்பி விடுகிறார்கள். இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால் ஸ்ரீநிகேதன். பிப்ரவரி முதல் வாரத்தில் போனால் ஆண்டு விழாச் சந்தையையும் பார்க்கலாம்.