சுட்டால் வெற்றியா? சுடாமல் திரும்பினால் வெற்றியா?



போன மாதம் நம் பள்ளி இலக்கிய மன்றத்தில் நடந்த பட்டிமன்றம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ‘அணு ஆயுதம் நாட்டுக்குப் பலமா? பாரமா?’ என்பது தலைப்பு. நான் ‘பலமே’ அணியில் கடைசியாகப் பேசினேன். ஐ.என்.எஸ். அரிஹந்த் என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிச் சொல்லி, “ஒரு பொத்தானை அமுக்கினா போதும், எதிரி காலி!” என்று கையை ஓங்கினேன். விசில் பறந்தது. எங்கள் அணிதான் ஜெயித்தது. பரிசாக ஒரு பேனா கிடைத்தது. இந்தக் கட்டுரையை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன்.

ஆனால் எதிரணியில் பேசிய +2 அக்கா ஒருவர் நடுவில் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “அந்தக் கப்பல் ஏவுகணையைச் சுட்டா அதுக்கு வெற்றியா? சுடாம திரும்பி வந்தா வெற்றியா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “நடுவர் அவர்களே, இதெல்லாம் ஒரு கேள்வியா?” என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்கா உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவே இல்லை. அன்று சொல்லாத பதிலை இன்று இந்தச் சுவரில் எழுதுகிறேன்.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம்

சாதாரண நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்குள் பேட்டரியில் ஓடும். சார்ஜ் இறங்கினால் டீசல் இன்ஜினை ஓட்ட வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். காற்றுக்காக மேலே வந்தால் எதிரி கண்ணில் பட்டுவிடும்.

அரிஹந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் வயிற்றுக்குள் 83 மெகாவாட் அணு உலை இருக்கிறது. யுரேனியம் பிளவுபடும்போது வரும் வெப்பத்தில் தண்ணீர் நீராவி ஆகிறது. அந்த நீராவி டர்பைனைச் சுற்றுகிறது. (நமக்கு இயற்பியல் பாடத்தில் வருவதுதான்!) இதற்குக் காற்றே தேவையில்லை. உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு தீரும் வரைக்கும் கடலுக்கு அடியிலேயே இருக்கலாம். கப்பலின் நீளம் சுமார் 110 மீட்டர். நம் மைதானத்து 100 மீட்டர் ஓட்டப் பாதையை விடப் பெரியது! எடை சுமார் 6,000 டன்.

2009 ஜூலை 26-ல் விசாகப்பட்டினத்தில் முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கினார்கள். 2016-ல் கடற்படையில் சேர்ந்தது. இதே வகையில் இரண்டாவது கப்பலான அரிகாட் 2024 ஆகஸ்ட் 29-ல் சேர்ந்தது.

நம்ம ஊருக்கும் பங்கு உண்டு

இது எங்கோ வடக்கே நடக்கும் விஷயம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கப்பலுக்கான மாதிரி உலையைத் தரையில் கட்டி ஓட்டிப் பார்த்த இடம் நம் தமிழ்நாட்டுக் கல்பாக்கம்.

இன்னொன்று நம் கண் முன்னாலேயே இருக்கிறது. நாங்குநேரி பக்கம் பஸ்ஸில் போகும்போது வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கும் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990-ல் தொடங்கிய கடற்படை வானொலி நிலையம். எஃப்.எம். அலை கடல் தண்ணீருக்குள் போகாது. அலைநீளம் பல கிலோமீட்டர் இருக்கிற, அதிர்வெண் மிகக் குறைந்த அலைதான் சில பத்து மீட்டர் ஆழத்துக்காவது இறங்கும். அதற்காகத்தான் அவ்வளவு உயரக் கம்பிகள். அதிலும் பேச்சு போகாது. சுருக்கமான செய்தி மட்டும்தான் மெதுவாகப் போகும்.

ஒரு தடவை ஆச்சியோடு அந்த வழியாகப் போனேன். ஆச்சி கேட்டாள், “ஏல, இந்தக் கம்பி யாருக்குல சேதி சொல்லுது?”

“கடலுக்கடியில கப்பல்ல இருக்கவங்களுக்கு ஆச்சி.”

“அவங்க திருப்பிச் சொல்லுவாங்களா?”

“மாட்டாங்க. பதில் அனுப்பினா எங்க இருக்காங்கன்னு எதிரிக்குத் தெரிஞ்சிரும். கேட்டுக்கிட்டு மட்டும்தான் இருப்பாங்க.”

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், “அப்ப பிள்ள நல்லாருக்கான்னு அவன் அம்மைக்கு எப்படில தெரியும்?”

பட்டிமன்றத்தில் “எதிரி காலி” என்று கத்தினேனே, அப்போது அந்தக் கப்பலுக்குள் மனுஷங்க இருக்காங்க என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

பதிலுக்கு வருகிறேன்

நம் நாடு 2003 ஜனவரியில் தன் அணு ஆயுதக் கொள்கையை வெளியிட்டது. “நாங்கள் முதலில் பயன்படுத்த மாட்டோம். எங்கள் மேல் பயன்படுத்தினால் திருப்பி அடிப்போம்” என்பது அதன் சாரம். ஆனால் முதல் அடியிலேயே தரையில் இருக்கும் ஏவுகணைகள் எல்லாம் அழிந்துபோனால் யார் திருப்பி அடிப்பது? கடலுக்குள் எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஒரு கப்பல் இருந்தால், அடிக்க நினைப்பவன் பத்து தடவை யோசிப்பான். அரிஹந்தின் வேலை அதுதான்.

அப்படியென்றால் அடிக்க யாருக்கும் துணிச்சல் வராத வரைக்கும் அந்தக் கப்பல் ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. அது சுட வேண்டிய நாள் வந்துவிட்டால் என்ன அர்த்தம்? நம் ஊர்களில் ஏற்கெனவே குண்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அது சுட்டாலும் நம்மைக் காப்பாற்றியதாக ஆகாது. அந்த ஊரிலும் நம்மைப் போல ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். அதுவும் அழியும்.

அரிஹந்த் முதல் ரோந்தை முடித்துத் திரும்பியதாக 2018 நவம்பர் 5-ல் பிரதமர் அறிவித்தார். அந்த ரோந்தில் அது யாரையும் சுடவில்லை. போனது, காத்திருந்தது, திரும்பி வந்தது. அதுதான் அதன் வெற்றி!

அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். சுடாமல் திரும்பி வந்தால்தான் வெற்றி.

பொறுமையும் ஒரு வீரம்

“பொறுமைன்னா கோழைத்தனம்டா” என்று என் பெஞ்ச் நண்பன் சொல்கிறான். அவனுக்காக ஒரு உண்மைச் சம்பவம்.

1961 ஜூலை 4-ல் சோவியத் நாட்டின் கே-19 என்ற அணுசக்தி ஏவுகணைக் கப்பலில் உலையைக் குளிர்விக்கும் குழாயில் கோளாறு வந்தது. அதைச் சரிசெய்ய மாலுமிகள் கதிர்வீச்சுக்குள் நுழைந்து வேலை பார்த்தார்கள். எட்டுப் பேர் சில வாரங்களுக்குள் இறந்துபோனார்கள். அந்தக் கப்பலில் இருந்து உயிர் தப்பியவர்களில் ஒருவர் வசிலி அர்கிப்பவ்.

அடுத்த வருஷம், 1962 அக்டோபர் 27. கியூபா நெருக்கடி நேரம். அர்கிப்பவ் இப்போது பி-59 என்ற டீசல் நீர்மூழ்கியில் இருந்தார். அதில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ ஒன்றும் இருந்தது. மேலே அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போட்டு அதை மேலே வரச்சொல்லி நெருக்கின. உள்ளே தாங்க முடியாத வெக்கை. யுத்தமே ஆரம்பித்துவிட்டதோ என்று கேப்டனுக்குச் சந்தேகம். அணு டார்பிடோவைச் சுட அவர் தயாரானபோது அர்கிப்பவ் சம்மதிக்கவில்லை என்று சொல்கிறார்கள். கப்பல் சுடாமல் மேலே வந்தது. உலகம் பிழைத்தது. இவரைக் கோழை என்று சொல்ல முடியுமா, நண்பர்களே?

என் கருத்து

நான் அணி மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அரிஹந்த் நமக்குப் பலம்தான் என்று இப்போதும் சொல்கிறேன். அதைக் கட்டியவர்களை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பலம் பொத்தானில் மட்டும் இல்லை. “முதலில் சுட மாட்டோம்” என்று கொடுத்த வாக்கிலும் இருக்கிறது.

2019 ஆகஸ்டில் பொக்ரானுக்குப் போன பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், எதிர்காலத்தில் என்ன நடக்கும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். அந்த வாக்கை எடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாம் முதலில் அடித்தாலும் அடிப்போம் என்று எதிரி பயந்தால், அவனும் முந்திக்கொள்ளத்தான் பார்ப்பான். இரண்டு பக்கமும் அவசரப்பட்டால் யார் தடுப்பது? ஒவ்வொரு கப்பலிலும் ஒரு அர்கிப்பவ் இருப்பார் என்று நம்பி உட்கார முடியாது.

எனவே நண்பர்களே! கிரிக்கெட் மேட்ச் பார்க்கும்போது “போடு ஒரு குண்டை” என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். நானும் சொன்னவன்தான். இனிமேல் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை நாங்குநேரி பக்கம் போனால் அந்தக் கம்பிகளைப் பாருங்கள். கடலுக்குள் யாரோ ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். “சுடு” என்ற சேதி அவருக்கு ஒருநாளும் போகக் கூடாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கம்பி அந்தச் சேதியை மட்டும் சொல்லாமலே இருக்கட்டும்!

அன்று உங்கள் கேள்வியைக் கேலி செய்ததற்கு மன்னிச்சிடுங்க அக்கா. பேனா வேண்டுமானால் தருகிறேன். பாதி மை தீர்ந்துவிட்டது!



– +1 அறிவியல் பிரிவு மாணவன்