மறதி மருந்தாகுமா?

“நடந்ததை மறந்துவிடு, இனி நடக்கவேண்டியதைப் பார்.” மனக்காயமுற்றோருக்கு எமது சமூகம் வழங்கிவரும் மருந்து இதுவே. வீட்டில் பெரியோரும், பாடசாலையில் ஆசிரியரும், மேடையில் தலைவர்களும் இதனையே ஓதுகின்றனர். செலவில்லாத இம்மருந்தினால் எவரேனும் குணமடைந்தனரா என்று கேட்போர் மட்டும் இலர். அக்கேள்வியை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய் கோழைத்தனமன்று, தெய்வக் குற்றமுமன்று. வியற்நாம் போரிலிருந்து மீண்ட படையினரின் துயரம் பேசப்பட்ட காலத்தில், 1980 இல், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதற்குத் தனது நோய்ப்பட்டியலில் இடமளித்தது. அழையாமலே வந்து நிற்கும் நினைவு, தீக்கனவு, சிற்றோசைக்கும் திடுக்கிடல், உணர்வு மரத்துப்போதல், நிகழ்ந்ததை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல் ஆகியன இதன் குறிகள். இவற்றுள் தவிர்த்தலே நோயை நிலைபெறச் செய்கின்றது என்பர் உளவியலாளர். அங்ஙனமாயின், “மறந்துவிடு” என்னும் அறிவுரை யாது? நோயின் குறியையே நோயாளிக்கு மருந்தாக எழுதிக் கொடுப்பதன்றி வேறில்லை.

எம்முடன் விடுதியில் தங்கிப் பயிலும் நண்பனொருவன் 2009 இல் வன்னியில் ஆறு வயதுச் சிறுவன். கோயில் திருவிழாவில் வாணவெடி வெடிக்கும் இரவுகளில் அவன் கட்டிலின் கீழேதான் படுப்பான். “அதையெல்லாம் மறந்திடு தம்பி” என்றே ஊரார் அவனுக்குச் சொல்லிவந்தனர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவனும் முயன்றுகொண்டுதான் இருக்கின்றான்.

சிகிச்சை இல்லாமலில்லை. மனவடுவை மையமாகக் கொண்ட அறிகை நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவு முறைச் சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2013 இல் பரிந்துரைத்தது. எடுத்துரைப்பு முறைச் சிகிச்சை என்பது பிறிதொன்று. இதில் நிலத்திலே ஒரு கயிற்றை விரித்து, அதனைத் தன் வாழ்க்கையாகக் கொண்டு, இன்பம் நிகழ்ந்த இடத்தில் பூவும் துன்பம் நிகழ்ந்த இடத்தில் கல்லும் வைக்கின்றார் நோயாளி. பின்னர் ஒவ்வொன்றையும் காலவரிசையிற் சொல்கின்றார். உளவளத்துணையாளர் அதனை எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுகின்றார். காலமும் இடமுமின்றிச் சிதறி அலைந்த நினைவு, ‘அன்று, அங்கு நிகழ்ந்தது’ என்று தன் இடத்தில் அமர்கின்றது. இங்கு நிகழ்வது மறத்தலன்று, அஞ்சாது நினைத்தல்.

“இவையெல்லாம் மேனாட்டுச் சரக்கு, எமக்கு ஒவ்வா” என்பார் உளர். ஆழிப்பேரலையின் பின்னர், 2005 இல், எமது வடகிழக்கின் முகாமொன்றிலேயே 31 சிறார்க்கு உள்ளூர் உளவளத்துணையாளர் சிகிச்சையளித்தனர். ஒரு பகுதியினருக்கு எடுத்துரைப்பு முறை. ஏனையோருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். அமர்வுகள் ஆறே. ஆறு மாதங்களின் பின் இரு பகுதியிலும் பெரும்பாலோர் தேறியிருந்தனர். ஆய்வு சிறிதுதான், ஆயினும் மேனாடா கீழ்நாடா என்னும் வழக்கு வீண் வழக்கென்பதை உணர்த்த அது போதும். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே எம் மக்களின் மனவடுக்களை ஆராய்ந்து 1998 இல் நூலாக வெளியிட்ட பேராசிரியர் தயா சோமசுந்தரமும், கிராமத்து ஊழியரைப் பயிற்றுவதையும் மரபுவழிப் பயிற்சிகளைப் பயன்படுத்துவதையும் வலியுறுத்தியவரே.

நிற்க. குறுக்குவழிகளையும் நாம் கண்டிக்கவேண்டும். அனர்த்தம் நிகழ்ந்ததும் ஓடிவந்து, ஒரே அமர்வில் யாவற்றையும் சொல்லவைத்துவிட்டுச் செல்லும் முறை இந்நோயைத் தடுப்பதில்லை என்பது ஆய்வுகளாற் பெறப்பட்ட முடிபு. நித்திரைக்கென்று பென்சோடயசிப்பீன் மாத்திரைகளை முதல் மாதத்தில் வழங்கலாகாதென்று உலக சுகாதார நிறுவனமே கூறுகின்றது. சேர்ட்றலீன் போன்ற மருந்துகள் சிலருக்கு உதவுவன. ஆயின், அவற்றை வைத்தியரின் தொடர்ந்த கண்காணிப்பிலேயே உட்கொள்ளவேண்டும்.

இனி, முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் எம் நண்பர் சிலரின் வாதத்திற்கு வருவோம். “காயம் அரசியலால் வந்தது, நீதி கிடைத்தாலே ஆறும், உளவளத்துணை போராட்டத்தை மழுங்கடிக்கும்” என்கின்றனர் அவர்கள். இதில் பாதி உண்மை உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் வேண்டுவது உண்மையை. ஆறுதல் மொழியை அன்று. அவர்தம் துயரை வெறும் நோயெனப் பெயரிட்டு அடக்க முனைவோர் எவராயினும் அவரை எதிர்ப்போம். ஆனால், நீதி வரும்வரை நித்திரையின்றி இரு என்று ஒரு தாய்க்குக் கட்டளையிட எமக்கு உரிமை தந்தவர் யார்? கால் முறிந்தவனுக்கு வழக்கு முடிந்த பின்னரே கட்டுப்போடுவோம் என்று எவரும் சொல்வதில்லை. மனம் முறிந்தவனுக்கு மட்டும் ஏன் இந்நியாயம்? அன்றியும், நீதிமன்றில் நின்று சாட்சி சொல்லவேண்டியவர், கண்டதைக் கோவையாகச் சொல்லும் வலுப்பெறுவது நீதிக்கு எவ்வாறு பகையாகும்?

கலைப்பீடத்தாராகிய எமக்கும் இதிற் பங்குண்டு. உளவியலை நாம் பரீட்சைக்காக மனனம் செய்கின்றோம். அடுத்த அறையிற் கட்டிலின் கீழ் உறங்குபவனைக் கண்டும் காணாதிருக்கின்றோம். தமிழிற் பயிற்சிபெற்ற உளவளத்துணையாளர் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும், ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் வேண்டும் என்று குரலெழுப்புவது எமது கடமையாகும். அதற்கு முன்னதாக, இன்றே, செலவின்றி நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அது, “மறந்துவிடு” என்று சொல்வதை நிறுத்துதல்.