குப்பியின்மேல் தமிழில்லை!

உண்டாரை நெடுநாள் வாழவைக்கும் என்று அறிந்தும், மலைப்பிளவில் அரிதிற் பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. தன் வாழ்நாளினும் ஒரு பெண்ணின் வாழ்நாளைப் பெரிதாக மதித்தவன் ஆண்ட அம்மண்ணில், மகளிர் மருந்து என்னும் பெயரால் இன்று நடப்பது என்ன?

தகடூர் நாட்டுக் கடத்தூர்ச் சந்தைக்கு வெற்றிலைக் கட்டுச் சுமந்துவரும் ஐம்பது அகவை அன்னை ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வெயிலில்லா வேளையிலும் அவள் முகமும் மார்பும் அனலாய்க் கொதிக்கின்றன. நள்ளிரவில் வியர்வையில் நனைந்து விழிக்கிறாள். நெஞ்சு படபடவென அடித்துக்கொள்கிறது. இது நோயன்று, பருவ மாற்றம். பெரும்பாலான மகளிர்க்கு 45 முதல் 55 அகவைக்குள் விலக்கு நிற்கிறது. சினைப்பையில் ஊறும் இயக்குநீர் குறைவதால் இத்தொல்லைகள் எழுகின்றன. கணவனிடமும் சொல்லாமல், மகளிடமும் சொல்லாமல் அவள் பொறுத்துக்கொள்கிறாள். நாணத்தால் அவள் வாய் மூடியிருக்கும் அவ்விடத்தில்தான் வணிகன் வாய் திறக்கிறான்!

‘ஆர்மோன் சமன் செய்யும் மூலிகை’, ‘நெஞ்சத் துடிப்பைச் சீராக்கும் மூலிகை’ என்று குப்பிகள் வருகின்றன. உள்ளிருப்பவை நம் தோட்டத்துச் செடிகள், மேலிருப்பவை அயற்பெயர்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு ‘சதாவரி’ ஆயிற்று. அமுக்கரா ‘அசுவகந்தா’ ஆயிற்று. நம் மருதமரம் ‘அருச்சுனா’ ஆயிற்று. நெல்லியும் ‘ஆமலகி’ ஆகிவிட்டது! ஔவை உண்ட கனியை ஔவையின் பேர்த்திக்கே அடையாளம் தெரியாமற் செய்துவிட்டார்கள்.

இதற்குச் சட்டமே துணைநிற்கிறது. இத்தகைய குப்பிகளுட் பல மருந்தாகவன்றி உணவுத் துணைப்பொருளாகவே விற்கப்படுகின்றன. 2020ஆம் ஆண்டின் இந்திய உணவுப்பொருள் முகப்புச்சீட்டு ஒழுங்குமுறைப்படி, கட்டாய விளக்கங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலுள்ள இந்தியிலோ இருக்கவேண்டும். பிற மொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லையாம், கட்டாயமும் இல்லை! ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று’ என அச்சிடவேண்டும் என்றும் துணைப்பொருள்களுக்கான விதி சொல்கிறது. எந்த எச்சரிக்கை அவ்வன்னையைக் காக்குமோ, அந்த எச்சரிக்கை அவளுக்கு விளங்காத மொழியில் இருக்கிறது. மருந்தென்று நம்பி வாங்குபவளிடம், இது மருந்தன்று என்று ஆங்கிலத்திற் சொல்வது அறமா?

நெஞ்சாங்குலை நோயையும் மகளிர் நோய்களையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆகவே ‘தீர்க்கும்’ என்னாது ‘சமன்’ என்றும் ‘நலம்’ என்றும் வழுக்குச் சொற்களை எழுதிச் சட்டத்தின் சந்துகளில் நுழைகின்றனர்.

இது மொழிமானச் சிக்கல் மட்டுமன்று, உயிர்ச் சிக்கல். அதிமதுரம் எனப்படும் அதிங்கத்தை நாள்தோறும் மிகுதியாக உண்டால் உடல் பொட்டாசியத்தை இழக்கும்; குருதியழுத்தம் ஏறும்; நெஞ்சத் துடிப்பே தாறுமாறாகும். நீர்பிரியும் மாத்திரை உண்பார்க்கு இக்கேடு இருமடி. எந்தப் படபடப்புக்காக உண்டாளோ அதுவே பெருகும்! அமுக்கராவால் சிலர்க்குக் கல்லீரல் கேடுற்றதும், தென்மார்க்கு நாடு 2023இல் அதைத் தடைசெய்ததும் உண்மைகள். மருதம்பட்டை நெஞ்சுக்கு நன்று என்பது முன்னோர் பட்டறிவு. எனினும் பிறழ்ந்த துடிப்பை அது சீராக்கும் என்று நிறுவப் போதிய ஆய்வு இன்னும் இல்லை.

மேலும், படபடப்பெல்லாம் பருவத்தால் வருவதன்று. குருதிச் சோகையாலும் தொண்டைச் சுரப்பி மிகையாலும் வரும். நெஞ்சாங்குலையின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நோயாலும் வரும். அந்நோயில் குருதிக்கட்டி மூளைக்கு ஏறினால் ஒரு பக்கத்துக் கைகால் விழுந்துவிடும். குப்பியை நம்பிக் காலங்கடத்துவது அங்கே உயிரைப் பணயம் வைப்பதாகும். விலக்கு நின்று 12 திங்கள் கழிந்தபின் மீண்டும் குருதி கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அவ்வாறாயின் மூலிகையே வேண்டாவா? அப்படிச் சொல்வார் வரலாறு அறியார். இங்கிலாந்தில் நாட்டுப்புற மூதாட்டி ஒருத்தியின் மூலிகைக் கலவையில் தொடங்கி, நரிக்கையுறைச் செடியின் இலையை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து, 1785இல் நூல் எழுதினார் வில்லியம் விதரிங்கு. நெஞ்சாங்குலை மருந்தொன்று அவ்வாறே உலகிற்குக் கிடைத்தது. அளவு மிஞ்சினால் அதே இலை நஞ்சு. நம் அரளியும் அவ்வினத்து நஞ்சுடையதே. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே நிற்பது அளவு ஒன்றே.

மேலை மருத்துவமும் பிழையே செய்யாததன்று. விலக்கு நின்ற மகளிர்க்குத் தாராளமாகக் கொடுத்துவந்த இயக்குநீர் மருந்தை 16,608 பெண்களிடம் ஆய்ந்த அமெரிக்கர், நெஞ்சாங்குலை நோயும் மார்பகப் புற்றும் மிகுதல் கண்டு 2002 சூலையில் அவ்வாய்வை நிறுத்தினர். பருவம் தொடங்கிய அண்மையில், தக்கார்க்கு, அளவறிந்து கொடுத்தால் நன்மை மிகும் என்று பின்னர்த் தெளிந்தனர். ஆய்ந்தனர், திருந்தினர். தமிழ் மருத்துவத்தைப் போற்றுவோர் கற்கவேண்டியது இதுவே. நோயும் நோயின் முதலும் நாடி, நோயாளியின் நிலையும் நோயின் அளவும் காலமும் கருதிச் செய்க என்று மருந்ததிகாரத்தில் வள்ளுவர் வகுத்ததும் இந்நெறிதானே! நோயைப் பாராது, ஆளைப் பாராது, எல்லார்க்கும் ஒரே குப்பியை நீட்டுவது சித்தமருத்துவம் ஆகாது. பழம்பெருமை பேசி அதற்குப் பரிந்துநிற்பது தமிழ்ப்பற்றும் ஆகாது.

செய்யவேண்டுவன இவை: தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு மூலிகைக் குப்பியின்மேலும் செடியின் தமிழ்ப்பெயர், அளவு, எச்சரிக்கை ஆகியன தமிழில் இருக்கவேண்டும் என்று சட்டம் வரவேண்டும். 1964இல் தோன்றிய பாளையங்கோட்டைச் சித்தமருத்துவக் கல்லூரியும், 2005இல் திறக்கப்பட்ட தாம்பரம் தேசியச் சித்த மருத்துவமனையும் இப்பருவத் தொல்லைக்கான நம் மூலிகைகளை முறைப்படி ஆய்ந்து, முடிவு எதுவாயினும் தமிழில் வெளியிடவேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியது, முன்பு தருமபுரி மாவட்டத்தோடு இருந்த கிருட்டினகிரி மண்ணில்தான். வீட்டு வாயிலுக்கே வந்து குருதியழுத்தம் பார்க்கும் அப்பணியாளர், நடுத்தர அகவை மகளிரிடம் விலக்கு நின்றதா, நெஞ்சு படபடக்கிறதா என்றும் கேட்கட்டும்.

உணர்வுடைய தமிழர் தம் வீட்டு அன்னையரின் மருந்துக் குப்பியை இன்றே எடுத்துப் பார்க்கட்டும். அதிலிருப்பதைத் தமிழில் உரக்கப் படித்துச் சொல்லட்டும். அதியமான் கனியை ஈந்தான். நாம் அறிவையேனும் ஈயவேண்டாவா?