கண்டனம் போதுமா? சட்டம் எங்கே?

1996ல் ஸ்காட்லாந்தில் டோலி என்ற செம்மறிக் குட்டி பிறந்ததும், 'அல்லாஹ்வின் படைப்புக்கே சவால்' என்று சிலர் கிளம்பினார்கள். சவாலாவது, மண்ணாங்கட்டியாவது! செல்லும் கருமுட்டையும் அவன் படைத்தவை. இவர்கள் ஒன்றை எடுத்து மற்றொன்றில் வைத்தார்கள். அதிலும் 277 முட்டைகளில் தேறியது ஒரே குட்டி!

மனிதனிடம் இதைச் செய்தால்? செல் கொடுத்தவர் பிள்ளைக்குத் தகப்பனா, இரட்டைச் சகோதரனா? வாரிசுச் சொத்தில் அதற்கு என்ன பங்கு? ஒரு முழம் இடத்துக்காகக் கோர்ட் ஏறும் நம் வியாபாரிகளுக்கு இந்த வில்லங்கம் நன்றாகவே விளங்கும். நஸப் குலைந்தால் பராயிள் சட்டம் எங்கே நிற்கும்?

ஜித்தா ஃபிக்ஹ் அகாடமி 1997லேயே மனித குளோனிங் கூடாது என்று தீர்மானித்தது. முஸ்லிம் நாடுகள் சட்டம் இயற்றவும் கோரியது.

நடந்தது என்ன? 2005 மார்ச் 8ல் ஐ.நா. பொதுச்சபையில் தடைப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 34, நடுநிலை 37. இந்தியா எதிர்த்தது. எகிப்து, பாகிஸ்தான், ஈரான், துருக்கி நடுநிலை! இஸ்லாமிய மாநாட்டு அமைப்புக்குள் ஒருமித்த கருத்து ஏற்படவில்லையாம்! அந்தப் பிரகடனமோ யாரையும் கட்டுப்படுத்தாத காகிதம்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2001லும் 2003லும் தடை மசோதாவை நிறைவேற்றியது. செனட் கிடப்பில் போட்டது.

பிரிட்டனைப் பாருங்கள்! 2001 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தின் ஓட்டையைக் காட்டியது. டிசம்பர் 4ல் புதுச்சட்டம்! குளோன் கருவைக் கருப்பையில் வைத்தால் 10 ஆண்டு வரை சிறை. மூன்றே வாரத்தில் முடிந்த வேலை!

நடுநிலை வகித்த நம் ஆட்சியாளர்களுக்கு, 1997க்கும் 2005க்கும் இடையே எத்தனை மூன்று வாரங்கள் கிடைத்தன?