நகையை அடகு வைக்கும் முன்

திண்டுக்கல்லில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு மணி நேர கேசட்டைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் காத்திருந்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். அதனால் பிள்ளைகள் தேடி வந்து கேட்கிறார்கள்: "அண்ணே, எடிட்டிங் பழகணும். எந்த லேப்டாப் வாங்கலாம்?" கேட்கும்போதே செல்போனில் ஒரு கேமிங் லேப்டாப்பைக் காட்டுவார்கள். விலை எண்பதாயிரத்துக்கு மேல் இருக்கும், மாதத் தவணையில் கிடைக்கும். சொந்தச் சம்பாத்தியம் வரத் தொடங்கும்வரை அதை வாங்காதே என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் பதில்.

வேடசந்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு அவன் அம்மா சங்கிலியை அடகு வைத்து அப்படியொரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, 4கே எல்லாம் பறக்கும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். ராம் 8 ஜிபிதான். நண்பன் எடுத்த முகூர்த்தக் காட்சியை டைம்லைனில் வைத்ததும் படம் திக்கித் திக்கி ஓடியது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, இதைவிட விலை கூடிய மாடல் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏன் திக்குகிறது என்பதை விளக்க ஐந்து நிமிடம் போதும். எச்.264, எச்.265 வகைகளில் கேமரா பெரும்பாலும் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. எப்போதாவது ஒரு முழு ஃபிரேம், நடுவில் வருபவற்றுக்கு மாறிய பகுதி மட்டும். மளிகைக் கடைப் பற்று நோட்டில் இன்றைய பாக்கியைச் சொல்ல, கடைசியாகக் கணக்கு முடித்த நாளிலிருந்து கூட்டிக்கொண்டு வருவார்களே, அந்த வேலையைத்தான் நாம் டைம்லைனில் எங்கே நிறுத்தினாலும் கணினி செய்கிறது. இதற்கென்றே ப்ராசஸருக்குள்ளும் கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் தனிப் பகுதி உண்டு. இன்டெல் 2011 முதல் 'குவிக் சிங்க்' என்ற பெயரில் அதை வைத்திருக்கிறது. மாடல் எண் 'எஃப்' என்று முடியும் இன்டெல் ப்ராசஸர்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே இந்த வசதியும் கிடையாது. அசெம்பிள்டு சிஸ்டத்தில் விலை குறைக்க அதைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். எடிட்டிங்குக்கு அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்றைய கல்யாணக் கேமராக்கள் பலவற்றில் எச்.265, 10 பிட், 4:2:2 என்ற பதிவு முறை உண்டு. நிறம் அருமையாக வரும். ஆனால் அதைப் பிரித்துக் காட்டும் வசதி இன்டெல்லில் 11ஆம் தலைமுறையை ஒட்டித்தான் வந்தது. என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இந்தக் காட்சியை அதனால் பிரிக்க முடியாது. அந்தப் பையனுக்கு நேர்ந்தது அதுதான்.

அவனுக்கு நான் புது மெஷின் எதுவும் வாங்கச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க லேப்டாப்பை ஓடவிட்டு எல்லாக் காட்சிகளுக்கும் ப்ராக்ஸி போட வைத்தேன். ப்ராக்ஸி என்பது அதே காட்சியின் சின்ன, இலகுவான நகல். வெட்டுவது ஒட்டுவது எல்லாம் நகலில் நடக்கும், கடைசி ரெண்டரிங்கில் மென்பொருள் அசலை எடுத்துக்கொள்ளும். மறுநாள் அந்த லேப்டாப்பே தடங்கலில்லாமல் ஓடியது. அரசு கொடுத்த மடிக்கணினி கையில் இருந்தால், அதில் 8 ஜிபி ராம்தான் இருந்தாலும், இந்த முறையில் தொழில் பழகிவிடலாம். கெடன்லைவ், ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. இரண்டிலும் ப்ராக்ஸி வசதி இருக்கிறது.

கையில் எதுவுமே இல்லாதவர்கள் கம்பெனிகள் கழித்துவிடும் ஆபீஸ் டெஸ்க்டாப்பை செகண்ட்ஸில் வாங்குங்கள். டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மூன்றும் உழைக்கும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். 8ஆம் தலைமுறை ஐ5 கேளுங்கள்; 4:2:2 காட்சிக்கு அதிலும் ப்ராக்ஸி போட்டுக்கொள்ளலாம். அதில் ஆறு கோர், விண்டோஸ் 11ம் ஏறும். ஏழும் அதற்குக் கீழும் வேண்டாம். 2025 அக்டோபர் 14உடன் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மெஷின்களைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. ஒடிசலான சின்னப் பெட்டியை விட டவரைத் தேர்ந்தெடுங்கள், பின்னாளில் ஒரு கிராபிக்ஸ் கார்டு சேர்க்க இடமிருக்கும். 16 ஜிபி ராம் ஏற்கெனவே உள்ளதாகப் பாருங்கள். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதில் ராம் விலை எகிறிவிட்டது. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்ற பழைய யோசனை இப்போது செலவு வைக்கும். கூடவே ஒரு யுபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

டாவின்சி ரிசால்வ் மென்பொருள்தான் வேண்டும் என்றால் கதை வேறு. அதன் இலவசப் பதிப்பே தரமானது, ஆனால் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடுகிறது. 4 ஜிபி கார்டில் 4கே வைத்தால் நினைவகம் நிரம்பிவிட்டது என்று நின்றுவிடக்கூடும். ரிசால்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 540 ஜிபி. ஒரே ஒரு கல்யாணத்துக்கு! சிஸ்டத்துக்கும் நடப்பு வேலைக்கும் எஸ்எஸ்டி, மீதிக்குப் பெரிய ஹார்டு டிஸ்க், அதன் நகலுக்கு இன்னொன்று. எந்த வீட்டிலும் தாலி கட்டுவதை நமக்காக மறுபடி நடத்த மாட்டார்கள்.

மானிட்டர் ஐபிஎஸ் பேனலாக இருக்கட்டும். விலை குறைந்த கேமிங் லேப்டாப் பலவற்றின் திரை நிறத்தில் பாதியை விழுங்கிவிடும். அரக்குப் பட்டு அதில் வெளிறித் தெரியும். அதை நம்பி நாம் நிறத்தைக் கூட்டினால், பெண் வீட்டு டிவியில் புடவை எரிச்சலூட்டும் சிவப்பாக வரும்.

தொழில் ஓடி, கையில் காசு சேர்ந்தவர்களுக்கு எம்4 மேக் மினி நல்ல மெஷின். 2024இல் 59,900 ரூபாய்க்கு வந்தது, ராம் 16 ஜிபி, மேலே சொன்ன எச்.265 4:2:2 காட்சியையும் தடையின்றி ஓட்டும். மானிட்டரும் கீபோர்டும் தனிச் செலவு, ராமைக் கூட்ட முடியாது, நம் ஊர் எடிட்டர்களுக்குப் பழகிய எடியஸ் மென்பொருள் அதில் ஓடாது. மண்டபத்திலேயே உட்கார்ந்து ரிசப்ஷனுக்குள் டீசர் வெட்டித் தருகிறவர்களுக்கு லேப்டாப் இல்லாமல் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பழகும் பிள்ளைக்கு அந்த அவசரம் இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகும்போது, உங்கள் பிள்ளை வேலை செய்யப்போகும் கேமராவில் எடுத்த காட்சி கொஞ்சத்தைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். வாங்கப்போகும் மெஷினிலேயே அதை டைம்லைனில் போட்டு ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் பணம் கட்டாதீர்கள், அடுத்த கடைக்குப் போங்கள்.