பரீட்சைக்கு எத்தனை சொல் வேண்டும்?



போன இதழில் வடாம் பக்குவம் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றோடு ஒரு சகோதரியின் கடிதமும் இருந்தது. "என் பிள்ளையை ஒன்பதாவதில் நல்ல தனியார் பள்ளியில் சேர்க்க ஆசை. இங்கிலீஷில் பரீட்சை வைப்பார்களாம். கஷ்டமான வார்த்தைகளை எப்படி மனப்பாடம் பண்ண வைப்பது? நான் அதிகம் படித்தவள் இல்லை" என்று எழுதியிருந்தார்.

நானும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள்தான். ஆனாலும் இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. இந்த வேலையை முதல் தடவை முழுக்கத் தப்பாகச் செய்து, கையைச் சுட்டுக்கொண்டவள் நான்.

எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடிப் பக்கம். என் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஆபீஸில் குமாஸ்தா. பையன் எட்டாவது வரை தமிழ் மீடியம். கணக்கில் கெட்டிக்காரன். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதிநகரில் 1962-லிருந்து நடந்துவரும் சைனிக் பள்ளியைப் பற்றி யாரோ சொல்ல, அவனுக்கு அங்கே சேர ஆசை வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு நுழைவுப் பரீட்சை. மொத்தம் 400 மதிப்பெண். அதில் கணக்குக்கு 200. இங்கிலீஷ், விஞ்ஞானம், சமூக அறிவியல், புத்திக்கூர்மை ஆகிய நான்குக்கும் தலா 50.

"கணக்குதான் வருதே, இங்கிலீஷ் வார்த்தையை மட்டும் ஏத்திட்டா போதும்" என்று நான் முடிவு கட்டினேன். இரண்டு வளையலை அடகு வைத்து டியூஷனில் சேர்த்தேன். அங்கே ஆயிரம் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தம். தினம் 25 சொல் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காமல் சாப்பாடு கிடையாது என்று சட்டம் போட்டேன். ராத்திரி பதினோரு மணி வரை விழித்திருந்தான். விடிந்து கேட்டால் பாதி நினைவிருக்காது. அதற்கும் திட்டுவேன். பிறகு பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி வர ஆரம்பித்தது. கஷாயம் வைத்துக் கொடுத்தேனே தவிர, வலி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவில்லை.

பரீட்சை எழுதினான். இடம் கிடைக்கவில்லை.

கிடைக்காதது கூட எனக்குப் பெரிதாக இல்லை. பத்து நாள் கழித்து நடந்ததுதான் இன்னமும் மனசில் உறுத்துகிறது. ஒரு மாதிரித் தாளை எடுத்துவைத்து, "எங்கேடா தப்புப் பண்ணினே?" என்று கேட்டேன். ஒரு கணக்கைக் காட்டி, "இது புரியலம்மா, விட்டுட்டேன்" என்றான். நான் அகராதியைப் புரட்டி, தமிழில் சொன்னேன்: "அடுத்தடுத்து வரும் மூன்று எண்களைக் கூட்டினால் 72. அந்த எண்கள் என்ன?" நான் சொல்லி முடிப்பதற்குள் "23, 24, 25" என்றான்.

கணக்குத் தெரியும். 'கன்செக்யூட்டிவ்' என்ற ஒரு சொல்தான் தெரியாது. டியூஷன் பட்டியலில் இருந்த ஆயிரத்தில் அந்தச் சொல் இல்லை!

இன்னொரு கணக்கில் 'ரெஸ்பெக்டிவ்லி' என்று இருந்தது. "ரெஸ்பெக்ட்னா மரியாதைதானேம்மா? ராமுவுக்கும் சோமுவுக்கும் மரியாதையா 10 வயசு, 12 வயசுன்னு போட்டிருக்கான்" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. 'முறையே' என்பதுதான் அதற்கு அர்த்தம். அதுவரை எனக்கும் தெரியாது.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. இங்கிலீஷ் 50 மதிப்பெண்ணுக்கு மட்டும் என்று நினைத்தேனே, ஒன்பதாம் வகுப்புக்கான அந்தக் கேள்வித்தாள் முழுக்க இங்கிலீஷில்தான். 400-க்கும் சொல் வேண்டும். ஆனால் அலங்காரச் சொல் அல்ல, கேள்வியைத் திறக்கும் சாவிச் சொல்.

பட்டியலைப் பரண் மேல் போட்டேன். ஏப்ரல் மாசம் பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாவதுக்குப் பரீட்சை இருந்தது. நடுவில் பத்து வாரம். அந்தப் பத்து வாரத்தில் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கேள்விச் சொற்கள். பழைய கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் அடிக்கோடு போட்டோம். 'எக்ஸெப்ட்' என்றால் தவிர. 'அட்ஜசன்ட்' என்றால் அடுத்துள்ள. 'அப்ராக்ஸிமேட்லி' என்றால் ஏறக்குறைய. 'அட் லீஸ்ட் 5' என்றால் 5 அல்லது அதற்கு மேல். 'லீஸ்ட்' என்றதும் குறைவு என்று நினைத்துப் பிள்ளைகள் 5-க்குக் கீழே போய்விடுவார்கள். இப்படி அறுபது எழுபது சொல் சேர்ந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இவைதான்.

இரண்டாவது, இரண்டு புத்தகம். நம் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழிலும் இங்கிலீஷிலும் வருகின்றன, பாடம் ஒன்றே. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இரண்டு மொழியிலும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். சுற்றளவு என்றால் என்னவென்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். 'பெரிமீட்டர்' என்பது அதற்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். விஷயம் தெரிந்தபின் பெயர் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. தமிழ் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் பாரமில்லை, படிக்கட்டு.

மூன்றாவது, சொல்லுக்குச் சொந்தக்காரர்கள். ஒரு சொல்லைத் தனியாகக் கூப்பிடாதீர்கள், குடும்பத்தோடு கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை அவர் போனில் பேசுவது இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட்தான். 'போர்ட்' என்ற அந்தப் பகுதி லத்தீன் மொழியில் சுமத்தல், கொண்டுபோதல் என்ற பொருளில் இருந்து வந்தது. உள்ளே கொண்டுவந்தால் இம்போர்ட், வெளியே கொண்டுபோனால் எக்ஸ்போர்ட், கையில் தூக்கிப்போகக் கூடியது போர்ட்டபிள், சுமை தூக்குபவர் போர்ட்டர். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போக வரிசையில் நிற்கும் லாரிகளைப் பார்த்தே இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார் அவன் அப்பா. அவனைக் கவிழ்த்த 'கன்செக்யூட்டிவ்'வுக்கும் குடும்பம் உண்டு. சீக்வென்ஸ், சப்சிக்வென்ட், கான்சிக்வென்ஸ் எல்லாம் 'பின்தொடர்தல்' என்ற ஒரே வேரில் கிளைத்தவை.

ஒரு எச்சரிக்கை. முகம் ஒன்றாக இருந்தாலும் குணம் வேறாக இருக்கும். 'இம்போர்ட்'டில் வரும் 'இம்' என்றால் உள்ளே. 'இம்பாஸிபிள்' என்பதில் வரும் 'இம்' என்றால் இல்லை. இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

நான்காவது, அட்டைப்பெட்டி. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை மூன்று அறையாகத் தடுத்தேன். பழைய காலண்டர் அட்டையைச் சீட்டாக வெட்டி, ஒரு பக்கம் சொல், பின்பக்கம் அர்த்தமும் அவனே எழுதிய ஒரு வாக்கியமும். புதுச் சொல் முதல் அறையில். தினமும் கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவது அறை. மூன்று நாளைக்கு ஒரு தடவை. அங்கேயும் தேறினால் மூன்றாவது. வாரம் ஒரு தடவை. எங்கே தவறினாலும் மறுபடி முதல் அறைக்கே வந்துவிடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தில் சொன்ன முறை இது. அதற்கும் முன்னே, 1885-லேயே எபிங்கவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர், படித்ததில் பெரும்பகுதி சீக்கிரத்திலேயே மறந்துபோகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்று தன்னைத்தானே சோதித்து எழுதியிருக்கிறார். அதாவது, விடிந்ததும் என் பிள்ளை மறந்தது சோம்பலால் இல்லை. இது தெரியாமல் எத்தனை திட்டு வாங்கினான் பாவம்!

புதுச் சொல் தினம் ஐந்து போதும். ஞாயிற்றுக்கிழமை புதுசு கிடையாது. பத்து வாரத்தில் 300. ஆயிரத்தில் பாதிக்கும் குறைவுதான். ஆனால் 300-ம் அவன் வாயில் வாக்கியமாக வரும்.

ஐந்தாவது, அடுப்படி விளையாட்டு. அமெரிக்காவில் தனியார் பள்ளிகளில் சேர எஸ்.எஸ்.ஏ.டி. என்று ஒரு பரீட்சை உண்டு. அதில் பெரிய பிள்ளைகளுக்கான சொல் பகுதியில் 30 இணைச்சொல் கேள்வி, 30 ஒப்புமைக் கேள்வி. எல்லாம் 30 நிமிஷத்தில். ஒரு கேள்விக்கு அரை நிமிஷம்! நம் ஊர்ப் பரீட்சைகளிலும் ஒப்புமை வருகிறது. இதற்குப் பழக்கம்தான் வழி. அதையும் தமிழிலேயே ஆரம்பிக்கலாம். நான் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பேன்: "வலைக்கு மீன், பொறிக்கு?" "எலி." "கப்பலுக்கு நங்கூரம், மாட்டுக்கு?" கொஞ்சம் யோசித்து "முளைக்குச்சி" என்பான். 'இதற்கும் அதற்கும் என்ன உறவு' என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், மொழி மாறினாலும் அந்தப் புத்தி மாறாது.

ஒரு நாள் இப்படிப் பேசும்போது, இங்கிலீஷ்காரர்கள் 'கேட்டமரான்' என்று சொல்வது நம் கட்டுமரம்தான், 'செரூட்' என்பது சுருட்டு, 'மல்லிகடானி' என்ற சூப் நம் மிளகுத்தண்ணி என்று சொன்னேன். காசிமேட்டில் தினம் புழங்கிய சொல் அகராதியில் இருப்பதைப் பார்த்து அவன் முகம் மலர்ந்ததே! "அப்போ அவங்களும் நம்மகிட்ட கடன் வாங்கியிருக்காங்களா?" என்றான். அன்றிலிருந்து இங்கிலீஷ் என்றால் இருந்த பயம் பாதி குறைந்தது.

உடம்பையும் மறக்காதீர்கள். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தேன். படித்தது மனசில் படியத் தூக்கம் வேண்டும். ஒப்பித்தால்தான் சோறு என்ற சட்டத்தை எடுத்துவிட்டேன். வயிற்றுவலி தானாகப் போயிற்று. கஷாயத்துக்கு வேலையே இல்லை.

கடைசியாக, சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, பள்ளியில் சேர்க்கும்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைத்து வடிகட்டக் கூடாது. நன்கொடை வாங்கவும் கூடாது. வடிகட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆகவே இரண்டாவதுக்குப் பரீட்சை என்று யாராவது சொன்னால், பயந்துபோய்ப் பிள்ளையை வறுத்தெடுக்காதீர்கள். அந்த வயதில் கதை கேட்கட்டும், போர்டு போர்டாகப் படித்துக்கொண்டு தெருவில் நடக்கட்டும்.

பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஏப்ரல் பரீட்சையில் தேறினான். இப்போது அங்கேயே பத்தாவது படிக்கிறான். வளையல் இரண்டில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. சைனிக் பள்ளிக்கு வயது தாண்டிவிட்டது. அந்த ஆசையைப் பற்றி அவன் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

அட்டைப்பெட்டி இப்போது அவன் தங்கையிடம். அதில் முதல் சீட்டு எதுவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். 'கன்செக்யூட்டிவ்.' அவனே எழுதிக் கொடுத்தது. பின்பக்கத்து வாக்கியத்தின் அர்த்தம் இது: "அம்மா என்னை அடுத்தடுத்து மூன்று நாள் திட்டவில்லை."

நீங்களும் முயன்று பாருங்கள், சகோதரிகளே. எப்படி இருந்தது என்று கடிதம் எழுதுங்கள்.